கேஷ் ஃபைல்களை எந்த டிரைவில் வைப்பது? எடிட்டிங் செய்பவர்களுக்கும் கடை வைத்திருப்பவர்களுக்கும் முழுமையான வழிகாட்டி

சென்னை வியாசர்பாடியில் தரைத்தளத்தில் ஒரு சின்ன எடிட்டிங் அறை வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, ராயபுரம் பக்கத்துச் சர்ச் கல்யாணங்கள் என்று வருகிற வீடியோக்களை எடிட் செய்து, ஆல்பமும் போட்டுக் கொடுப்பதுதான் வேலை. ஒரு தை மாதம், நிச்சயதார்த்த ஹைலைட்ஸ் வீடியோ ஒன்று மறுநாள் ரிசப்ஷனில் பெரிய திரையில் ஓட வேண்டும். இரவு ஒன்றரை மணிக்கு சேவ் கொடுத்தால் சேவ் ஆகவில்லை, டிஸ்கில் இடமில்லை என்று சொல்லிவிட்டு மென்பொருள் அப்படியே உறைந்து நின்றது. வீடியோ எல்லாம் டி டிரைவில்தான் இருந்தது, அதில் 600 ஜிபிக்கு மேல் காலி. நிரம்பியிருந்தது 240 ஜிபி சி டிரைவ். நான் அதில் எதையுமே வைத்ததில்லை. மென்பொருள் தன் வேகத்துக்காகத் தானாகவே செய்து, மாதக்கணக்கில் சேர்த்து வைத்த ஃபைல்கள், அதாவது கேஷ் அது.

அன்றைக்கு நாற்பது நிமிட வேலை போனது, மறுபடி செய்து முடித்தேன். அதன் பிறகு இந்த விஷயத்தை ஒழுங்காக உட்கார்ந்து படித்து, என் மூன்று கம்ப்யூட்டர்களிலும், தெரிந்தவர்களின் ஜெராக்ஸ் கடை, டிடிபி கடை கம்ப்யூட்டர்களிலும் செய்து பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். எல்லாரும் கேட்பது "எந்த டிரைவ் வேகம்?" என்பதைத்தான். ஆனால் முதலில் கேட்க வேண்டியது வேறு: இந்த ஃபோல்டர் இந்த நிமிடமே காணாமல் போனால் எனக்கு என்ன போகும்? இது நிரம்பி வழிந்தால் கூடவே எது நிற்கும்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால் இடம் தானாகவே அமைந்துவிடும்.

படி 1: எது கேஷ், எது கேஷ் இல்லை என்று பிரியுங்கள்

எம்.சி. ரோட்டில் புடவை எடுக்கப் போயிருந்தால் பார்த்திருப்பீர்கள். சரக்கு முழுக்க மாடியில், குடோனில் இருக்கும். அடிக்கடி கேட்கிற ரகங்களை மட்டும் கைக்கு எட்டுகிற அலமாரியில் அடுக்கி வைத்திருப்பார்கள். அதுதான் கேஷ். அலமாரி காலியானால் மறுபடி மாடிக்குப் போய் எடுத்து வரலாம், நேரம்தான் போகும். நம் முன்னால் பிரித்துப் போட்டிருக்கும் புடவைகள், பாதி எழுதிய பில், இவை தற்காலிக ஃபைல்கள்: வேலை நடக்கும்போது கலைத்தால் பிரச்சினை, வேலை முடிந்ததும் எடுத்து மடித்துவிட வேண்டும்.

இந்த இரண்டோடும் சேர்த்துக் குழப்பக் கூடாதது ஆட்டோ சேவ். பெயரைப் பார்த்தால் தற்காலிகம் போலத்தான் இருக்கும். ஆனால் கரண்ட் போய் வந்தால் உங்களைக் காப்பாற்றுவது அது ஒன்றுதான். இடம் பிடிக்கிறதே என்று ஆட்டோ சேவ் ஃபோல்டரையும் சேர்த்து அழித்துவிட்டு அழுதவர்களை எனக்குத் தெரியும். ஆட்டோ சேவ் எப்போதும் ஒரிஜினல்கள் இருக்கும் பக்கத்தைச் சேர்ந்தது. அதைக் கேஷ் டிரைவில் வைக்கவே வைக்காதீர்கள்.

சோதனை சுலபம்: அழித்தால் கம்ப்யூட்டர் அதைத் திரும்பத் தானே செய்துகொள்ளுமா? செய்துகொள்ளும் என்றால் கேஷ். மனிதன் உட்கார்ந்து செய்ய வேண்டும் என்றால் அது வேலை.

படி 2: அளந்து பாருங்கள்

விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் என்று போனால் சி டிரைவை எது எவ்வளவு தின்கிறது என்று காட்டும். அதில் டெம்பரரி ஃபைல்ஸ் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, இரண்டு சதவீதக் குறிகளுக்கு நடுவே டெம்ப் (%temp%) என்று அடித்து என்டர் தட்டினால், உங்கள் பெயரில் இருக்கும் தற்காலிக ஃபோல்டர் திறக்கும். அது சி டிரைவில், யூசர்ஸ், உங்கள் பெயர், ஆப்டேட்டா, லோக்கல், டெம்ப் என்ற பாதையில் இருக்கும். ஆப்டேட்டா மறைந்திருக்கும் ஃபோல்டர் என்பதால்தான் பலர் கண்ணில் படுவதில்லை. எடிட்டிங் மென்பொருள்களின் கேஷ் இதற்குள் இருக்காது, பெரும்பாலும் ஆப்டேட்டாவுக்குள்ளேயே வேறு மூலையில் இருக்கும், அதனால் அந்தந்த மென்பொருளின் செட்டிங்ஸில் பாதையைப் பார்த்து அந்த ஃபோல்டரின் அளவையும் எடுங்கள்.

எவ்வளவு வரும் என்று கணக்கே போட்டுவிடலாம். பிரீமியர் புரோவில் எம்பி4 போன்ற சுருக்கப்பட்ட வீடியோவை உள்ளே கொண்டு வந்தால், அதன் ஒலியை 32 பிட் அளவில் சுருக்காமல் விரித்து ஒரு கேஷ் ஃபைலாக எழுதி வைக்கும். 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ என்றால் நொடிக்கு 384 கிலோபைட், மணிக்கு ஏறக்குறைய 1.4 ஜிபி. மூன்று கேமரா, ஆளுக்கு ஆறு மணி நேரம் ஓடிய கல்யாணம் என்றால் ஒலிக்கு மட்டும் 25 ஜிபி. ஒரு முகூர்த்த மாதத்தில் ஐந்து கல்யாணம் வந்தால் 125 ஜிபி. என் 240 ஜிபி டிரைவ் ஏன் மூச்சுத் திணறியது என்று இப்போது புரிந்திருக்கும்.

ஃபோட்டோஷாப் கணக்கு வேறு. 12க்கு 36 அங்குல ஆல்பம் ஷீட், 300 டிபிஐ என்றால் 3,600 பெருக்கல் 10,800, அதாவது 3.9 கோடி பிக்சல். 8 பிட் ஆர்ஜிபியில் ஒரே ஒரு முழு லேயர் கிட்டத்தட்ட 117 எம்பி. பதினைந்து இருபது லேயர், அதன் மேல் பின்னோக்கிப் போவதற்காக அது நினைவில் வைத்திருக்கும் ஹிஸ்டரி படிகள் (அதுவாகவே 50 என்று வைத்திருக்கும்), நான்கு ஷீட் ஒரே நேரத்தில் திறந்திருந்தால் ரேம் போதாமல், அது மீதியை இறக்கி வைக்கிற ஸ்கிராட்ச் டிஸ்கில் பத்து, இருபது ஜிபி என்று ஏறிக்கொண்டே போகும்.

பிரவுசர் கேஷ் இதற்கெல்லாம் முன்னால் ஒன்றுமே இல்லை. அது தன் அளவைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ளும், அதை இடம் மாற்றுவதில் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

படி 3: உங்கள் சி-யும் டி-யும் ஒரே டிஸ்கா?

இதைப் பார்க்காமல் மாற்றுகிறவர்கள்தான் அதிகம். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போங்கள். இடது பக்கம் டிஸ்க் 0 என்பதற்குப் பக்கத்தில் சி, டி இரண்டும் ஒன்றாக எழுதியிருந்தால் அது ஒரே டிஸ்கைப் பாகம் பிரித்தது. டிஸ்க் 0, டிஸ்க் 1 என்று தனித்தனியாக இருந்தால்தான் நிஜமாகவே இரண்டு டிஸ்க்.

ஒரே டிஸ்கின் பாகங்கள் என்றால், கேஷை சி-யிலிருந்து டி-க்கு மாற்றினால் சி நிரம்பாமல் இருக்கும், அது நல்லதுதான். வேகம் மட்டும் கொஞ்சமும் கூடாது. ஒரே அடுப்பில் இரண்டு பாத்திரத்தை மாற்றி மாற்றி வைப்பது போலத்தான்.

படி 4: இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

சி டிரைவ் பெரிய எஸ்.எஸ்.டி. (சுற்றுகிற தட்டு இல்லாமல் சிப்பில் எழுதும் டிஸ்க்) ஆக இருந்து, அதில் பாதிக்கு மேல் காலியாகவும் இருந்தால், எதையும் மாற்றாதீர்கள். பில் போடுகிற கடை, பிள்ளைகள் படிக்கிற கம்ப்யூட்டர், சும்மா நெட் பார்க்கிற லேப்டாப், இவர்கள் எல்லாரும் இதோடு நிறுத்திவிட்டு நேராகச் சுத்தம் செய்யும் படிக்குப் போகலாம்.

எடிட்டிங், ஆல்பம் செய்கிறவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது, கேஷுக்கு என்று தனியாக ஒரு எஸ்.எஸ்.டி. ரிச்சி ஸ்ட்ரீட் போனால் 256 ஜிபியே கிடைக்கும், கல்யாண வீடியோவுக்குப் பெரும்பாலும் அது போதும், 500 இருந்தால் நிம்மதி. தனி டிஸ்க் என்பதில் வேகத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது, அது நிரம்பினால் அது மட்டும்தான் நிரம்பும். விண்டோஸும் ஓடும், புராஜெக்டும் சேவ் ஆகும், அன்றைக்கு எனக்கு நடந்தது மறுபடி நடக்காது.

வேகமும் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. நிமிடத்துக்கு 7,200 சுற்று ஓடும் ஹார்டு டிஸ்க் ஒரு சுற்றுச் சுற்ற 8.3 மில்லி செகண்ட் எடுக்கும், கேட்ட இடம் படிக்கிற முள்ளுக்குக் கீழே வரச் சராசரியாக அதில் பாதி நேரம் காத்திருக்க வேண்டும், முள் நகர்கிற நேரம் தனி. கேஷ் என்பது ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்கள், ஒவ்வொன்றுக்கும் இந்தக் காத்திருப்பு. எஸ்.எஸ்.டி.யில் சுற்றுவதற்கு ஒன்றும் கிடையாது. சாதாரண சாட்டா எஸ்.எஸ்.டி. நொடிக்கு 500 எம்பிக்கு மேல் கொடுக்கும், கேஷுக்கு அதுவே தாராளம். மதர்போர்டில் நேராகச் செருகும் இன்னும் வேகமான என்விஎம்இ எஸ்.எஸ்.டி.க்கு ஸ்லாட் இருந்தால் போடுங்கள், இல்லாததற்காக மதர்போர்டை மாற்றாதீர்கள்.

ஹார்டு டிஸ்க் மட்டும்தான் இருக்கிறது என்றால், ஒரிஜினல் வீடியோ இருக்கிற அதே ஹார்டு டிஸ்கில் கேஷையும் வைக்காதீர்கள். ஒரே முள் வீடியோவைப் படிக்கவும் கேஷை எழுதவும் அங்கும் இங்கும் ஓடும், டைம்லைன் திக்கும்.

வெளியே மாட்டுகிற ஹார்டு டிஸ்கிலோ பென் டிரைவிலோ வைக்கலாமா என்று கேட்கிறார்கள். பென் டிரைவ் வேண்டவே வேண்டாம். யுஎஸ்பி 3 வழியாக மாட்டும் வெளி எஸ்.எஸ்.டி. என்றால், எடிட்டிங் கேஷுக்கு மட்டும் பரவாயில்லை. ஆனால் விண்டோஸின் டெம்ப் ஃபோல்டரை கழற்றி மாட்டுகிற எதிலும் வைக்கக் கூடாது. கொடுங்கையூரில் டிடிபி செய்கிற தம்பி ஒருவர் அப்படி வைத்துவிட்டு, டிரைவை வீட்டுக்கு எடுத்துப் போன அன்று எந்த மென்பொருளையும் இன்ஸ்டால் செய்ய முடியாமல், வைரஸ் என்று நினைத்து விண்டோஸையே புதிதாகப் போட்டுவிட்டார். வெளி டிரைவுக்கு எழுத்தும் நிலையாக இருக்காது, இன்று இ, நாளை வேறு எதையாவது முதலில் மாட்டினால் எஃப். டிஸ்க் மேனேஜ்மென்டில் போய் கடைசி எழுத்துகளில் ஒன்றை, எக்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள், நிலையாகக் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை குறையும்.

கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் போல இணையத்தோடு ஒத்திசைக்கிற ஃபோல்டருக்குள் கேஷ் வைத்தால், பிறந்து பத்து நிமிடத்தில் சாகப்போகிற ஃபைலையெல்லாம் அது மேலே ஏற்றிக்கொண்டிருக்கும். டேட்டாவும் போகும், வேகமும் போகும்.

ரேமிலேயே ஒரு டிஸ்க் போல அமைத்து அதில் கேஷ் வைக்கலாம் என்று வீடியோக்களில் சொல்வார்கள். 16 ஜிபி, 32 ஜிபி ரேமை எடிட்டிங் மென்பொருளே கேட்கிறது, அதைப் பிடுங்கி அதன் கேஷுக்கே கொடுப்பதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை. கரண்ட் போனால் எல்லாம் போய்விடும் வேறு.

ஒன்று சொல்ல மறந்தேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் தண்ணீர் ஏறியபோது, கரண்ட் இல்லாத இருட்டில் எதை எடுப்பது, எதை விடுவது என்று யோசிக்க நேரமில்லை. ஒரிஜினல் இருக்கிற இரண்டு டிஸ்க் எது என்று எனக்குத் தெரியும், அவற்றைக் கழற்றி மேல்மாடியில் இருக்கிற அக்கா வீட்டில் வைத்துவிட்டேன். கேஷ் டிஸ்க் உள்ளேயே இருந்தது, அதைப் பற்றி நான் கவலைப்படவும் இல்லை. எல்லாம் கலந்து கிடந்திருந்தால் சி.பி.யு. பெட்டிகள் மூன்றையும் தூக்கிக்கொண்டு மாடி ஏற வேண்டியிருந்திருக்கும்.

படி 5: மாற்றுங்கள்

முதலில் புது டிஸ்கில் ஒரு ஃபோல்டர் செய்யுங்கள். பெயர் சின்னதாக, ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் இருக்கட்டும், தமிழ்ப் பெயரைக் கண்டால் திணறுகிற பழைய மென்பொருள்கள் இன்னும் இருக்கின்றன. மென்பொருள்களை மூடிவிட்டு, கையில் இருக்கிற புராஜெக்டுகளை ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிரீமியர் புரோ: எடிட், பிரிஃபரன்ஸஸ், மீடியா கேஷ். அங்கே ஃபைல்களுக்கு ஒரு பாதை, டேட்டாபேஸுக்கு ஒரு பாதை என்று இரண்டு இருக்கும், இரண்டையும் மாற்றுங்கள். முடிந்தால் ஒரிஜினலுக்குப் பக்கத்திலேயே கேஷை வை என்று ஒரு டிக் இருக்கும், அதைப் போடாதீர்கள், ஒரிஜினல் டிஸ்க் முழுக்கக் குப்பை சேரும். அடுத்தது நிறையப் பேர் விட்டுவிடுவது: ஃபைல், புராஜெக்ட் செட்டிங்ஸ், ஸ்கிராட்ச் டிஸ்க்ஸ். வீடியோ பிரிவியூ, ஆடியோ பிரிவியூ இரண்டையும் கேஷ் டிஸ்குக்குக் காட்டுங்கள், ஆட்டோ சேவை மட்டும் புராஜெக்ட் இருக்கும் இடத்திலேயே விடுங்கள். இது புராஜெக்டுக்குப் புராஜெக்ட் தனி என்பதால் புதிதாக ஒன்று தொடங்கும்போதெல்லாம் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் பிரிஃபரன்ஸஸுக்குள் மீடியா அண்ட் டிஸ்க் கேஷ் என்று இருக்கும், அங்கே உச்ச அளவையும் சேர்த்துக் கொடுத்துவிடலாம்.

டாவின்சி ரிசால்வ்: பிரிஃபரன்ஸஸில் மீடியா ஸ்டோரேஜ் பட்டியலில் முதலாவதாக எந்த டிரைவ் இருக்கிறதோ அதில்தான் கேஷ் போய் விழும். ஏற்கெனவே தொடங்கிய புராஜெக்ட் என்றால் புராஜெக்ட் செட்டிங்ஸ், மாஸ்டர் செட்டிங்ஸ், வொர்க்கிங் ஃபோல்டர்ஸில் போய்க் கேஷ் பாதையை மாற்ற வேண்டும். ரிசால்வின் ரெண்டர் கேஷ் பயங்கரமாக வளரும். 25 ஃபிரேம் முழு எச்டி படத்தை டிஎன்எக்ஸ்எச்டி 185 என்ற வீடியோ வடிவத்தில் எழுதினால், அந்த 185 என்பது நொடிக்கு 185 மெகாபிட், ஒரு மணி நேரத்துக்கு 83 ஜிபி. நான்கு கே என்றால் இன்னும் பல மடங்கு.

ஃபோட்டோஷாப்: எடிட், பிரிஃபரன்ஸஸ், ஸ்கிராட்ச் டிஸ்க்ஸ். கேஷ் டிஸ்கை முதலில் டிக் செய்யுங்கள், சி-யை எடுத்துவிடுங்கள். ஸ்கிராட்ச் டிஸ்க் நிரம்பிவிட்டது என்று சொல்லி ஃபோட்டோஷாப் திறக்கவே மறுத்தால், திறக்கும்போதே கன்ட்ரோலையும் ஆல்ட்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள், டிஸ்கை மாற்றும் பெட்டி வரும்.

விண்டோஸின் டெம்ப்: எடிட்டிங் கேஷை நகர்த்திய பிறகும் சி டிரைவ் திணறினால் மட்டும் இதைத் தொடுங்கள். ஸ்டார்ட்டில் என்விரான்மென்ட் வேரியபிள்ஸ் என்று தேடி, உங்கள் கணக்குக்கானதைத் திறங்கள். டெம்ப், டிஎம்பி என்று இரண்டு வரி இருக்கும். சில மென்பொருள் ஒன்றைப் பார்க்கும், சில மற்றதைப் பார்க்கும், அதனால் இரண்டுக்கும் ஒரே பாதையைக் கொடுத்துவிட்டு, வெளியேறி மறுபடி உள்ளே வாருங்கள். கீழே சிஸ்டம் வேரியபிள்ஸ் என்று இருப்பதை அப்படியே விட்டுவிடுங்கள்.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு: ரூட்டுக்குக் கீழே இருக்கும் டிஎம்பி வேறு, வார் ஃபோல்டருக்குள் இருக்கும் டிஎம்பி வேறு. இரண்டாவது ரீபூட்டுக்குப் பிறகும் இருக்க வேண்டியவற்றுக்கானது. டெபியன் என்ற லினக்ஸ் வகையில், 2025இல் வந்த 13ஆம் பதிப்பிலிருந்து முதல் டிஎம்பி வழக்கமாக ரேமிலேயே இருக்கிறது, ரேமில் பாதி வரை எடுத்துக்கொள்ளும். 8 ஜிபி மெஷினில் 4 ஜிபிதான் என்பதால், பெரிய வீடியோ வேலைக்கு டிஎம்பிடிஐஆர் என்ற மாறியில் டிஸ்கில் இருக்கும் ஒரு ஃபோல்டரைக் கொடுத்துவிடுங்கள்.

எழுதி எழுதி எஸ்.எஸ்.டி. தேய்ந்துவிடாதா?

இந்தப் பயத்தில் எஸ்.எஸ்.டி.யை வாங்கி வைத்துக்கொண்டு கேஷை ஹார்டு டிஸ்கில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். 500 ஜிபி எஸ்.எஸ்.டி.க்களில் 300 டெராபைட் எழுதும்வரை வாரண்டி என்பது சாதாரணமாகக் காணும் அளவு. தினமும் 40 ஜிபி எழுதினால் 7,500 நாள், இருபது வருடம். அதற்குள் அந்தக் கம்ப்யூட்டரே இருக்காது. வாங்கும்போது பெட்டியிலோ நிறுவனத்தின் தளத்திலோ டிபிடபிள்யூ (மொத்தம் எத்தனை டெராபைட் எழுதலாம்) என்ற எண்ணைப் பார்த்துவிட்டு வாங்குங்கள், அது போதும். முழுக்க நிரப்பி ஓட்டுவதுதான் கெடுதல். நிரம்ப நிரம்ப எழுதும் வேகம் விழும், அதனால் ஐந்தில் ஒரு பங்கை எப்போதும் காலியாக விடுகிறேன்.

ஜெராக்ஸ் கடை, பிரவுசிங் சென்டர் வைத்திருப்பவர்கள் இதை அவசியம் படிக்கவும்

உங்கள் கம்ப்யூட்டரில் தினமும் ஊரார் ஆதார், பான், மார்க் ஷீட், பத்திரம் எல்லாம் திறக்கப்படுகின்றன. ஜிப் ஃபைலுக்குள்ளிருந்து திறந்த படமும், மெயிலிலிருந்து நேராகத் திறந்த இணைப்பும் எங்கேயோ ஒரு தற்காலிக ஃபோல்டரில் ஒரு நகலை விட்டுவிட்டுத்தான் போகும். சி டிரைவில் உங்கள் கணக்குக்குள் இருக்கும் டெம்ப்பை, அட்மின் உரிமை இல்லாத வேறு கணக்கில் உட்காருகிறவர் திறந்து பார்க்க முடியாது. அதையே டி டிரைவில் புது ஃபோல்டராக வைத்தால், சாதாரணமாக அந்தக் கம்ப்யூட்டரில் கணக்கு வைத்திருக்கிற எல்லாருமே பார்க்கலாம். பலர் உட்காருகிற கம்ப்யூட்டரில் டெம்ப்பை நகர்த்தாதீர்கள். சி டிரைவை விண்டோஸின் பூட்டான பிட்லாக்கர் போட்டுப் பூட்டியிருந்தாலும் இதே கதைதான், பூட்டாத டிஸ்குக்குக் கேஷை மாற்றினால் பூட்டியதற்குப் பலன் இல்லை. தினமும் கடை மூடுவதற்கு முன் டெம்ப்பையும் டவுன்லோட்ஸையும் காலி செய்யுங்கள், நம்மை நம்பிக் காகிதத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

படி 6: எப்போது அழிப்பது

வீடியோவை ஒப்படைத்த அன்றே அழிக்காதீர்கள். மாப்பிள்ளை வீட்டு மாமா எங்கேயும் வரவில்லை, நடு வரிசையில் இருந்த பெரியம்மாவைச் சேர்க்க வேண்டும் என்று ஒரு ஃபோன் வரும். ஆல்பமும் போய்ச் சேர்ந்து, பாக்கிப் பணமும் வந்த பிறகு அந்தக் கல்யாணத்தின் கேஷை அழிக்கிறேன். ரிசால்வில் பிளேபேக், டிலீட் ரெண்டர் கேஷ். பிரீமியரில் மீடியா கேஷ் பக்கத்திலேயே டிலீட் பட்டன் இருக்கிறது, இத்தனை நாள் பழையதானால் தானாக அழி என்று வைக்கவும் வழி உண்டு, நான் 90 நாள் வைத்திருக்கிறேன்.

விண்டோஸின் டெம்ப்பைக் கையால் அழிக்கும்போது எல்லா மென்பொருளையும் மூடிவிட்டு அழியுங்கள், பயன்பாட்டில் இருக்கிறது என்று எதையாவது சொன்னால் ஸ்கிப் கொடுத்துவிட்டு மேலே போங்கள். செட்டிங்ஸ் வழியாக டெம்பரரி ஃபைல்ஸ் அழிக்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: அந்தப் பட்டியலில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரும் ஒரு வரியாக இருக்கும். அதற்கு டிக் விழுந்திருக்கிறதா என்று பார்க்காமல் பட்டனை அழுத்தாதீர்கள், கஸ்டமர் அனுப்பிய ஃபோட்டோக்கள் அதில்தான் கிடக்கும்.

முழுச் சுத்தத்தை ஆடியிலும் மார்கழியிலும் வைத்துக்கொள்கிறேன், முகூர்த்தம் இல்லாததால் அறையில் வேலை குறைவு. ஆடியில் கூழ் ஊற்றுகிற வீடியோ இரண்டு மூன்று வரும், அவ்வளவுதான். அந்த நாட்களில் கேஷ் டிஸ்கை முழுக்கக் காலி செய்துவிட்டு, ஒரு பழைய புராஜெக்டைத் திறந்து பார்க்கிறேன். கொஞ்ச நேரம் ஓடி, கேஷ் மறுபடி உருவாகி, டைம்லைன் சரியாக வந்தால், பிரித்தது சரியாகப் பிரிந்திருக்கிறது. ஏதாவது ஒரு கிளிப் சிவப்பாக, ஃபைல் காணோம் என்று நின்றால், ஒரிஜினல் ஒன்று தெரியாமல் கேஷ் டிஸ்கில் போய் உட்கார்ந்திருந்தது என்று அர்த்தம். அதனால் இந்தச் சோதனையை முதல்முறை செய்யும்போது அழிக்காமல், கேஷ் ஃபோல்டரின் பெயரை மட்டும் மாற்றிவைத்துப் பாருங்கள், ஒரு வாரம் எதுவும் கேட்காமல் ஓடினால் அப்புறம் அழிக்கலாம்.